மிதிக்காத கம்பி

சொல்லிவிடலாம். எட்சன் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் காதில் கோளாறு இல்லை, நான் வரைந்த பலகையில்தான் கோளாறு. இரண்டே வார்த்தை. ஆறு வாரமாக அதை வாயில் வைத்துக்கொண்டே சமைக்கிறேன், கம்பெனி பஸ் ஏறுகிறேன், ஜெபம் பண்ணுகிறேன்.

எஸ்லின் வாய் திறப்பதற்குள் எட்சன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவன் அவன். அவள் கணவன் பென்சன் பதினெட்டு வருஷம் அந்தக் குழுவில் கிட்டார் வாசித்துவிட்டு, ஆகஸ்டில் விலகிக்கொண்டான்.

"அண்ணி, நீங்க சொன்னாத்தான் அண்ணன் கேப்பாரு. கிறிஸ்மஸுக்கு ஒரே ஒரு பாட்டு. இந்த மிஷினையே எடுத்துட்டு வரட்டும்."

"மிஷின் இல்லடா. கிட்டார்," என்றான் பென்சன்.

"கிட்டாருக்கு எதுக்குண்ணா கிளட்ச்சும் பிரேக்கும்?"

பென்சன் சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது. நாளைக்குள் பதில் சொல்லச் சொல்லிவிட்டு எட்சன் வண்டியை எடுத்தான்.

ஹாலில் நாலு காலில் நின்றது அந்தப் பெடல் ஸ்டீல் கிட்டார். மல்லாந்த பலகைமேல் பத்துக் கம்பி. இடது கையால் எஃகுத் தடியை நகர்த்தி, வலது கையால் மீட்ட வேண்டும். காலால் பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பி மட்டும் இழுபட்டுச் சுருதி ஏறும். போனில் ஒருமுறை கேட்டதிலிருந்து பென்சனுக்கு வேறு பேச்சே இல்லாமல் போனது. இருபத்திரண்டு வருஷமாகத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் இரைச்சலில் நிற்கிறவன் அவன். அவள் மூக்கண்டப்பள்ளியில் பிரஸ்ஸுக்கு அச்சு செய்யும் ஒரு டூல் ரூமில் டிசைனர். "நான் வரையறேங்க," என்று அவள்தான் சொன்னாள்.

பெடலிலிருந்து மேலே போகும் தண்டு, அது திருப்பும் குறுக்குத் தண்டு, அதிலிருக்கும் நெம்பு, நெம்பு இழுக்கும் விரல் நீள அலுமினியத் துண்டு, அதன்மேல் மடங்கும் கம்பி. அரைச் சுருதி ஏற அந்தத் துண்டு எத்தனை மில்லி நகர வேண்டும், காலை எடுத்ததும் எந்த ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொண்டுவரும், எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தாள். நகர்கிற எதிலும் தப்பில்லை.

நகராததை அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. பிரஸ் டூல் வரைகிறவர்களுக்கு அது பழக்கம். பிரஸ்ஸுக்கு அடியில் இருக்கும் படுகை டன் கணக்கில் வார்ப்பிரும்பு, அது வளையுமா என்று யாரும் யோசிப்பதில்லை. அவள் கிட்டாருக்கு வைத்ததோ தேக்குப் பலகை. பென்சனுக்கு இடுப்பு வலி, சபைக்குத் தூக்கிப்போக லேசாக இருக்கட்டும் என்று முப்பத்திரண்டு மில்லியை இருபதாக இழைக்கச் சொன்னாள். "இவ்வளவு மெலிசு வேணாம்மா," என்றார் உத்தனப்பள்ளி ஆசாரி. டிராயிங்கைக் காட்டி அவர் வாயை அடைத்தாள்.

ஜூலையில் முதல் நாள் வாசித்ததுமே பென்சன் நிறுத்தினான். "எஸ்லி, மிதிக்கறப்ப மிதிக்காத கம்பி சுருதி இறங்குது."

போனில் சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்து, பெடல் இழுக்கும் கம்பிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் பச்சை. "பாருங்க, டிராயிங்ல தப்பே இல்ல." அதைச் சொன்னபோது தன் குரலில் இருந்த பெருமை இன்னும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாள் அவள் போனைக்கூட எடுக்காமல் "சரியாத்தாங்க இருக்கு" என்றாள். பிறகு அவன் கேட்கவில்லை. காது போய்விட்டது, இனி மற்றவர்கள் பாட்டையும் கெடுப்பேன் என்று குழுவை விட்டான். அக்டோபரில் கம்பெனியில் காது பரிசோதனை நடந்தது. இடது காதில் மேல் சுருதிகள் விழவில்லை என்று தாள் கொடுத்தார்கள். அதைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டான்.

நவம்பரில் டூல் ரூமில் யாரோ ஒரு மெல்லிய பிளேட் எவ்வளவு வளைகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். பார்த்ததும் அவளுக்குத் தேக்குப் பலகை ஞாபகம் வந்தது. அந்த வளைவை அளக்கும் டயல் கேஜைக் கேட்டு வாங்கிவந்து, அவன் ஷிப்டில் இருந்தபோது பலகைக்கு அடியில் நிறுத்திப் பெடலை அழுத்தினாள். முள் முப்பது கோடு நகர்ந்தது, கால் மில்லிக்கும் மேல். பலகை வளைய, மிதிக்காத கம்பி தளர்ந்தது. அவன் சொன்னது சொன்னபடி.

"ஏங்க," என்றாள் இப்போது. "ஜூலைல நீங்க சொன்னதுதான் சரி. பலகை வளையுது. மெலிசா இழைக்கச் சொன்னது நான்."

பென்சன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் அப்படித்தான் கேட்கிறான்.

"எட்சன் சொல்லிக் குடுத்தானா?"

"நானே அளந்தேன். முப்பது கோடு."

"எந்தப் பலகைதான் வளையல? என்னைத் தேத்தறதுக்குச் சொல்ற. டாக்டர் தாளே குடுத்துட்டாரு."

"அது அக்டோபர்ல. ஜூலைல உங்களுக்கு நல்லாத்தாங்க கேட்டுச்சு."

"ஜூலைல நீ சரின்னு சொன்ன," என்றான். அதில் குற்றச்சாட்டு இல்லை. "நீ கணக்குல தப்பு பண்ண மாட்ட."

ஆறு வாரம் காத்து வைத்திருந்தது, சொன்ன பிறகும் சொல்லாதது போலவே கிடந்தது.

பென்சன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வாசிக்கலாம்னுதான் இருக்கு எஸ்லி. எனக்கு இப்ப சுருதி சேந்ததும் சேராததும் ஒண்ணாத்தான் கேக்குது. சபையில நீ முன் பெஞ்சுல உக்காரு. மிதிக்கறப்ப உன்னைப் பாக்கறேன். சரின்னு நீ தலையாட்டினா போதும், மிச்சத்தை நான் வாசிச்சுருவேன்."

"பலகையை மாத்தித் தர்றேங்க. கிறிஸ்மஸுக்குள்ள முடியாது. ஈஸ்டருக்குள்ள."

"அதுக்குள்ள இதுவும் போயிரும்." வலது காதைத் தொட்டுக் காட்டினான்.

தடியைக் கம்பிமேல் வைத்து மீட்டி, இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தான். இரண்டு கம்பிகள் அழகாக ஏறின. அவற்றுக்கு அடியில் ஒன்று மெல்லத் தொய்ந்து இறங்கியது. போன் இல்லாமல், தன் காதாலேயே முதல் தடவையாக அதைக் கேட்டாள்.

அவன் புருவத்தை உயர்த்தினான். "சரியா?"

முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. ஒரு அசைவு போதும் அவனுக்கு.

எஸ்லின் தலையை அசைக்காமல் நின்றாள். அவனுக்குப் புரியும்படி உதட்டை நிதானமாக அசைத்து, "நான் தலையாட்ட மாட்டேங்க," என்றாள்.