டிராயிங்கில் உள்ளபடி

ஊரின் முதல் ஷாப்பிங் மால் இடிக்கப்பட்டுத் தரைமட்டமான பிறகும், அதன் இரண்டாம் மாடி இருந்த உயரத்தில், வெறும் காற்றில், கையில் துணிப்பையோடு ஒரு பெண் ஆறு வருடம் நின்றாள். கீழே அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக மாற்றியிருந்தார்கள். காவலாளிகள் அவளை அடையாளமாக வைத்தே வண்டிகளுக்கு வழி சொன்னார்கள். "அந்தம்மாவுக்கு நேர் கீழ ரெண்டு இடம் காலியா இருக்கு, போங்க." மழை பெய்தால் அவள் நனைந்தாள், வெயில் அடித்தால் காய்ந்தாள். யாருக்காக நிற்கிறாள் என்று தெரிந்தவர், அந்தக் கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் ஒருவர்தான். அவள் அவருடைய மனைவி. அதே மனைவி அதே நேரத்தில் இரண்டு தெரு தள்ளி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு தொழில் பழக்கத்தில் தொடங்கியது. கட்டடத்தின் படத்தில் ஆள் இல்லாவிட்டால், பார்ப்பவருக்கு அது மாளிகையா தீப்பெட்டியா என்று தெரியாது. அதனால் அளவு தெரிவதற்காக அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்களை வரைவார்கள். ஆர்க்கிடெக்டுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி ஆறு மாதம். சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவி அவருடைய அலுவலகத்துக்கு எதிர் நடைபாதையில் வந்து நிற்பாள். பையில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இருக்கும், அவர் மாற்றிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்புவதற்கு. இவர் ஜன்னல் வழியாக ஐந்து விரலைக் காட்டுவார், ஐந்தே நிமிடம் என்று. அந்த ஐந்து நிமிடம் இரண்டு மணி நேரமாக நீளும். கண்ணெதிரே ஓர் ஆள் அசையாமல் நின்றால் எந்த ஆர்க்கிடெக்டும் விடமாட்டார். இரண்டாம் மாடிக் கைப்பிடி ஓரமாக அவளை அப்படியே வரைந்துவிட்டார். பாதம் மட்டும் வரையவில்லை. படத்து ஆட்களுக்கு யாரும் பாதம் வரைவதில்லை, உடம்பைக் கீழே கூராக்கி முடித்துவிடுவார்கள். பாதம் போட உட்கார்ந்தால் வேலை ஓடாது.

கட்டிய கான்ட்ராக்டரை எல்லோரும் 'அப்படியே' என்றுதான் அழைத்தார்கள். டிராயிங்கில் எது இருந்தாலும் அப்படியே கட்டுவார், கேள்வி கேட்கமாட்டார். ஒரு முறை டிராயிங்கின் மேல் யாரோ டீ கிளாஸை வைத்து எடுத்ததில் வட்டமாகக் கறை படிந்துவிட்டது. அந்த இடத்தில், கறையின் அளவுக்குக் கச்சிதமாக, ஒரு நீரூற்று கட்டி நிறுத்திவிட்டார். ஜனங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்னால், தரை துடைக்க வந்தவர்கள் இரண்டாம் மாடியில் பையோடு ஒரு பெண் நிற்கிறாள் என்று ஓடிவந்து சொன்னபோது, 'அப்படியே' அசரவில்லை. "டிராயிங்ல இருக்கு" என்றார். உரிமையாளருக்கும் திருப்தி, கடை திறக்கும் முன்பே ஒரு வாடிக்கையாளர் வந்தாயிற்று. காவலாளி அவளிடம் போய் "யாருக்காகம்மா நிக்கறீங்க?" என்று கேட்டதற்கு, "இப்ப வந்துடுவார்" என்றாளாம்.

சும்மா சொல்லக் கூடாது, ஆர்க்கிடெக்டுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. வீட்டு மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பை என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அந்த வாரத்திலிருந்து வீட்டில் ஒன்று குறைந்தது. அவர் படியேறும் சத்தம் கேட்டாலே அவளுடைய முகம் மலரும், கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பாள். அது நின்றுபோனது. அவர் வீடு திரும்பும்போது பெரும்பாலும் அவள் தூங்கியிருந்ததால், இது அவருக்குத் தெரியவர மூன்று வருடமானது.

அதற்குள் ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட ஆரம்பித்திருந்தது. மால் என்றால் அவர்தான். கடிகாரம் இருக்காது, ஜன்னல் இருக்காது, உள்ளே போகிற வழி வா வா என்று கூப்பிடும், வெளியே வருகிற வழி எங்கேயோ ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும். குடை வாங்கப் போனவர்கள் மெத்தையோடு திரும்பினார்கள். இரண்டாவது, மூன்றாவது என்று மால்கள் எழுந்தன, ஒவ்வொரு படத்திலும் கை தானாகவே அந்தப் பையையும் அந்தப் பெண்ணையும் போட்டது. வேறு ஆளை வரைய அவருக்கு நேரமில்லை. இரண்டாவது மால் திறந்ததும் மனைவி சண்டை போடுவதை விட்டுவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கக்கூடியவள், அவர் எத்தனை தாமதமாக வந்தாலும் வாயே திறக்கவில்லை. இவர் நிம்மதி என்று நினைத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்புக் கணக்கு அதுதான். மூன்றாவதோடு சிரிப்பு போனது, நான்காவதோடு நிழல். ஆறாவது முடிந்தபோது டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். எடைபார்க்கும் கருவியின் முள் நகரவே இல்லை. டாக்டர் கருவியை இரண்டு தட்டு தட்டிவிட்டு இரும்புச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஏழாவது திறந்தபோது, பக்கவாட்டில் நின்றால் அவளைப் பென்சில் கோடு அளவுக்குத்தான் பார்க்க முடிந்தது.

உண்மையைப் போட்டு உடைத்தவள் மகள். சின்ன வயதில் அம்மாவின் சிரிப்பைக் கேட்க வேண்டுமென்றால் அவள் பஸ் பிடித்து மூன்றாவது மாலுக்குப் போவாள், அந்தப் பெண்ணின் அருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிவிட்டு வருவாள். வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பும் நாளில், பெட்டியைப் பூட்டியபடியே சொன்னாள். "அப்பா, அம்மா வீட்டுல கொஞ்சம்தான் இருக்காங்க. மிச்சமெல்லாம் உங்க மால்கள்ல நிக்கறாங்க. நான் இருந்த வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தேன். இனிமே நீங்க போங்க."

அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. உடம்பெல்லாம் அலுப்பு, தூங்கினாலும் தீராத அலுப்பு. மனைவியின் எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டார்.  "நேர்ல நிக்க வச்சது போதாதுன்னு படத்துலயும் நிக்க வச்சீங்களா?" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் இரண்டாவது மாலில் இருந்ததே.

மால்களுக்குப் போய் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். பாதம் இல்லாதவர்கள் எப்படி நடப்பார்கள்? ஆகவே தொழில் முறைப்படியே திருத்தப் படம் போட்டார். ஒவ்வொரு மாலுக்கும் ஒன்று, அதில் இரண்டு பாதம், பாதத்துக்குச் செருப்பு, திருத்திய இடம் தெரிய அதைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு வளைகோடு. 'அப்படியே'வுக்கும் வயதாகியிருந்தது, ஆனால் பழக்கம் போகவில்லை. பாதத்தைச் செய்தார், செருப்பைச் செய்தார், மேகத்தையும் செய்தார். கணுக்காலைச் சுற்றித் தூறிக்கொண்டிருக்கும் சிறு மேகத்தோடு அந்தப் பெண்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வெளியே வரும் வழியைக் கண்டுபிடிக்கத்தான் சிரமப்பட்டார்கள், ஐந்தாவது மாலில் இருந்தவளுக்குப் பதினோரு நாள் ஆனது. ஒவ்வொருத்தியும் கதவைத் தட்டி, மிதியடியை நனைத்து, மனைவிக்குள் போய்ச் சேர்ந்தாள். எடை வந்தது, நிழல் வந்தது, சிரிப்பு வந்தது. இரண்டாவது மால்காரி வந்த அன்று தொடங்கிய சண்டை நான்கு நாள் ஓடியது. இருபத்தைந்து வருடத்துச் சங்கதிகள், தேதி வாரியாக. அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் அவருக்குப் பசித்தது.

பாக்கி ஒருத்தி, முதலாமவள். அந்த மாலைத் தீர்த்துக்கட்டியதும் அவர்தான், அதே சாலையில் அவர் வரைந்த ஆறாவது மால் கூட்டத்தையெல்லாம் இழுத்துக்கொண்டது, பழையதை முந்தின வருடமே இடித்துவிட்டார்கள். இல்லாத கட்டடத்துக்குத் திருத்தப் படம் செல்லாது என்று 'அப்படியே' கையை விரித்துவிட்டார். ஐந்து வருடம் ஆர்க்கிடெக்ட் கார் நிறுத்துமிடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். வீட்டில் அவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் மனைவி துணி மடிப்பாள், டிவி பார்ப்பாள், சண்டைக்கு வருவாள், எல்லாம் சரி. நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அந்த ஒன்றுக்காக அவர் ஏங்கிப்போனார்.

கடைசியில் புதுப் படம் ஒன்று போட்டார், அவர் வரைந்தவற்றிலேயே சின்னது. சுவர் இல்லை, கூரை இல்லை, எழுபத்திரண்டு படி, உச்சியில் இரண்டு பாதம். நிறுத்துமிடத்துக்காரர் இரண்டு கார் நிற்கும் இடத்தை விட்டுக்கொடுத்தார். 'அப்படியே' படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளவுக்கு ஆள் போடலையா சார்?" "வேணாம். நானே ஏறிக்கிறேன்" என்றார் ஆர்க்கிடெக்ட். மூன்று வாரத்தில் கட்டி முடித்தார்கள்.

பன்னிரண்டு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அவர் ஏறினார். அவளுக்கு இருபத்தாறு வயது. புதுப் பாதங்களை வைத்துக்கொண்டும் நகராமல் கைப்பிடி இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டேன்" என்றார். அவள் மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கினாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். அவர் வருவார், மறைச்சா என்னைத் தெரியாது." அவர் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுபத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறிவந்தாள். அந்தப் பெண்ணின் எதிரே நின்று கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "போதும் வாம்மா. அவர் வரமாட்டார். இவர்தான் வந்திருக்கார்." பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மனைவியின் தோளில் சாய்ந்தாள், சாய்ந்தபடியே உள்ளே போய்விட்டாள். பையில் சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. இறங்கும்போது மனைவி அதைப் பிரித்து அவருடைய முதுகில் வைத்துப் பார்த்தாள், ஒரு தோளுக்குத்தான் வந்தது.

படிக்கட்டு இன்னும் அங்கேயே இருக்கிறது. காற்று வாங்க ஜனங்கள் ஏறுகிறார்கள், எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதில் ஏறி இறங்கிய மறுநாள் சாயங்காலம் ஆர்க்கிடெக்ட் வெளியே போய்விட்டு ஆறு மணிக்கு வீடு திரும்பினார். படியேறும் சத்தம் கேட்டு மனைவி கையில் இருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. அவரைப் பார்த்தாள், அவருடைய தோளுக்குப் பின்னால் வீட்டுப் படிக்கட்டையும் ஒரு நிமிடம் பார்த்தாள், இன்னும் யாரோ வரவேண்டியிருப்பதைப் போல. யாரும் வரவில்லை. "சரி, உள்ள வாங்க" என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.