கிட்டங்கியின் கடைசி அறை

1953 ஆவணியில், திருமயத்தில் வயிரவன் செட்டியாருடைய சரக்குக் கிட்டங்கியின் கடைசி அறையில் பூட்டி வைத்திருந்த விதைநெல் கருவாடாக வெளியே வந்தது. நல்ல கருவாடு, உப்பும் அளவாக இருந்தது, அதைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. நெல்லை வைத்திருந்த ஆவூர் அடைக்கலராஜுக்குத்தான் அதை வயலில் விதைக்க முடியாதே என்ற சங்கடம். மழை இறங்கிவிட்டது, நிலம் உழுது கிடந்தது. "மூட்டையில தையல் நான் போட்டதுதாங்க, பிரிக்கவேயில்ல" என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்தவர், செட்டியார் தம் வீட்டு விதைநெல்லைக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்.

ஊரிலிருந்து யோசனைகள் வந்தன. பூட்டை மாற்றினார்கள், அடுத்து வைத்த மிளகாய் வலைகளாக மாறியது. எலி வேலை என்றார் ஒருவர்; நெல்லைத் தின்றுவிட்டு மீன் வைத்துப் போகும் எலி எந்த ஊரில் உண்டு என்று அவரை யாரும் கேட்கவில்லை. பென்ஷன் வாங்கிய ஓர் இன்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்து வெள்ளையடிக்கச் சொன்னார். அறை வெள்ளையானது, வேறொன்றும் ஆகவில்லை. சரக்கு வைத்தவர்கள் மற்ற அறைகளையும் காலி செய்யத் தொடங்கவே, கிட்டங்கியை விற்றுவிடுவது என்று செட்டியார் முடிவெடுத்தார். வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

அவர் மனைவி கண்ணம்மைக்கு எரிச்சலாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் கோளாறு எதில் என்று எப்படித் தெரியும்? ஒரு வெறும் செம்பை அந்த அறையில் வைத்து, கதவைத் திறந்து போட்டு, எதிரே உட்கார்ந்து பூத்தொடுத்தாள். பகல் முழுக்கச் செம்பு சும்மா இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அது நிறையக் கடல் தண்ணீர். மறுநாள் அதே செம்பைப் பக்கத்து அறையில் வைத்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான், அந்த அறையில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டாள்.

மீமிசல் ஆரோக்கியமுத்து கருவாடும் வலையும் வைத்திருந்தான் என்றார் செட்டியார். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. சாமான்களை அவன் பெண்சாதி வியாகுலமேரிக்கு அனுப்பி, அறையைக் கூட்டி, அடுத்தவருக்கு விட்டாயிற்று. அவனிடம் இருந்த சாவியை மட்டும் துக்க வீட்டில் போய்க் கேட்க மனம் வரவில்லை. பூட்டைத்தான் மாற்றியாச்சே என்றார்.

"பூட்டத்தான மாத்துனீங்க" என்றாள் கண்ணம்மை. "அறை இன்னும் அவன் பேர்லதான இருக்கு."

பஸ் ஏறி மீமிசல் போனாள். வியாகுலமேரி மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்ததும் கையைக் கழுவி, இடுப்பிலிருந்து துருப்பிடித்த சாவியை எடுத்து, காற்றில் ஒரு திருகு திருகி, கொஞ்ச நேரம் எதையோ பார்த்தபடி நின்றாள்.

கண்ணம்மை விஷயத்தைச் சொன்னாள். அடைக்கலராஜ் வாசலில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள். மேரி மறுக்காமல் சாவியை நீட்டினாள்.

"கொண்டுபோங்க ஆச்சி. ஊரான் வெதநெல்லு பாவம் நமக்கு வேணாம். என்னான்னா, இதத் திருகுனாத்தான் அவுக மொகம் வருது. குடுத்துட்டா மறந்துபோகும்."

அதை வாங்கத்தான் கண்ணம்மை அவ்வளவு தூரம் போயிருந்தாள். ஆனாலும் மேரியின் விரல்களை மடக்கிச் சாவியை உள்ளேயே வைத்து மூடினாள்.

"நீயே வச்சுக்க. அந்த அறைய நான் இனிமே யாருக்கும் விடல."

சும்மா கிடக்கும் அறையால் என்ன பிரயோசனம் என்று செட்டியார் சில மாதம் கோபமாக இருந்தார். கோளாறு நின்றதும் மற்ற அறைகள் நிறைந்தன, அவர் கோபத்துக்கு நேரமில்லாமல் போனது. அணா போய் நயா பைசா வந்தது. கடைசி அறையின் கதவிடுக்கில் உப்புப் பூத்தது, எறும்புகள் சுற்றிக்கொண்டு போயின. கூலியாட்கள் அதற்குள் அலைச் சத்தம் கேட்கிறது என்றார்கள்; கேட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனார்கள்.

1961 பங்குனியில் ஒரு முற்பகலில் அந்தக் கதவை உள்ளிருந்து தட்டினார்கள். கண்ணம்மை திறந்தாள். சொட்டச் சொட்ட நனைந்த ஒரு ஆள் வெளியே வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மீமிசலுக்கு பஸ் எப்போது என்று கேட்டான். ஆரோக்கியமுத்துதான் என்று செட்டியார் அடையாளம் சொன்னார்.

"இப்பத்தான் ஒண்ணு போச்சு, அடுத்தது சாயங்காலந்தான்" என்றாள் கண்ணம்மை. "உக்காருப்பா, சாப்புட்டுப் போகலாம்."

அவன் சாப்பிட்டான், மோர் கேட்டு வாங்கிக் குடித்தான். சாயங்கால பஸ்ஸில் கண்டக்டர் அவன் வேட்டியைப் பார்த்துவிட்டு, ஈரத்தோடு சீட்டில் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டதால், மீமிசல் வரைக்கும் நின்றுகொண்டே போனான்.