எங்கே செத்தது

காலை எட்டு பத்து. ரிப்பேர் செக்‌ஷனில் அண்ணியின் மேசையில் நாற்பத்தாறு பழுதான சர்க்யூட் போர்டுகள். எல்லாம் லிஃப்டுகளுக்குப் போக வேண்டியவை. ஒவ்வொன்றிலும் மஞ்சள் சீட்டு, ஒரே சொல்: செத்தது.

எழுதியவள் அவளுடைய நாத்தனார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சோதனை மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெள்ளைச் சட்டையை அண்ணி துவைத்து நீலமாக்கியதிலிருந்து, இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை.

சூப்பர்வைசர் வந்தார்.

"நாலு மணிக்குள்ள முடியணும். இல்லன்னா மொத்தமும் குப்பைக்கு. ரிப்பேர் செக்‌ஷனையும் மூடிடுவாங்க."

"ஒண்ணுக்கு இருபது நிமிஷம் ஆகுது சார்."

"அதனாலதான் மூடறாங்க."

அண்ணி முதல் போர்டை எடுத்தாள். பற்றவைக்க நான்கு நிமிடம். மீதியெல்லாம் மீட்டர் முனையால் தடவித் தடவிப் பழுதைத் தேடுவது. மெஷினுக்கு அது தெரியும். சோதனை எந்தப் படியில் நின்றது என்று திரையில் எண் காட்டும். பேச்சு இருந்த நாட்களில் நாத்தனார் அங்கிருந்தே அந்த எண்ணைக் குரல் கொடுத்துச் சொல்வாள்.

மேசையிலேயே ஒட்டிக்கொண்டிருந்து பயனில்லை. மிச்ச போர்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டிப் போனாள்.

"எத்தனைல நின்னுச்சு?"

"சீட்டுல இருக்கே."

"செத்ததுன்னு இருக்கு. மனுஷன் செத்தாக்கூட எதனாலன்னு எழுதுவாங்க."

சிரிப்பு வந்து நாத்தனாரின் உதடு கோணியது. சமாளித்துக்கொண்டாள்.

"மறுபடி எல்லாத்தையும் மெஷின்ல போடச் சொல்றீங்களா?"

"ஆமா. சட்டைக்கு என்னைத் திட்டணுமா, சாயங்காலம் திட்டு. கேட்டுக்கறேன். இப்ப நம்பர் சொல்லு. எனக்கு இந்த வேலை வேணும்."

நாத்தனார் திரையைப் பார்த்தாள். ஒரு போர்டைச் சொருகினாள். நாற்பது நொடி.

"ஏழு."

அடுத்தது.

"இதுவும் ஏழு."

அண்ணி எண்வாரியாகப் பிரித்து வைத்தாள். இருபத்தொன்பது ஏழுகள். எல்லாவற்றிலும் அதே கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. சால்டரிங் அயர்னுக்கு ஒரே முனை, ஒரே சூடு. தேடாமல் வரிசையாக மாற்றினாள். மீதி போர்டுகளில் எண் காட்டிய இடத்தை மட்டும் பார்த்தாள். நாத்தனார் உடனுக்குடன் சோதித்தாள்.

"அண்ணி, ஈயம் வழியுது. நிதானமா."

"நீ மெஷினப் பாரு."

மதியம் இருவரும் சாப்பிட எழவில்லை. மூன்று ஐம்பதுக்குக் கடைசிப் போர்டிலும் பச்சை விளக்கு எரிந்தது.

சூப்பர்வைசர் தட்டுகளை இரண்டு முறை எண்ணினார். ஃபோனில் யாருக்கோ சொன்னார். திரும்பி வந்தார்.

"மூட வேணாம்னுட்டாங்க. நாளைக்கு அறுபது வருது."

அண்ணி சால்டரிங் அயர்னை அணைத்தாள். நாத்தனார் மஞ்சள் சீட்டுகளை வாரிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது சரி, இந்த ரெண்டு மாசமா ஏம்மா இப்படிச் செய்யல?"