பானை இப்போது என்ன செய்கிறது?

எங்கள் பட்டறை ஃபோர்மேனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓகே அண்ணன் என்றால்தான் தெரியும். முதலாளி போனில் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு வார்த்தைதான். மெஷின் நின்று கிடக்கும், ஓகே. பாதி ஆள் வந்திருக்காது, ஓகே. ஒருமுறை கை வெந்து துணியைச் சுற்றிக்கொண்டு நின்றவர், அதே கையால் போனைப் பிடித்து ஓகே என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை. மேலே இருப்பவருக்குக் கெட்ட செய்தி சொன்னால் சொன்னவன் தலைதான் உருளும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர். அவரை மட்டும் சொல்வானேன், நாங்கள் எல்லோரும் அப்படித்தான்.

அலுமினியம் வார்க்கும் பட்டறை அது. என் வீட்டுக்காரர் உலையில் நிற்பவர். எனக்கு வார்த்து வந்த சாமான்களின் ஓரப் பிசிறை அரத்தால் தேய்க்கிற வேலை. உலைக்குள் ஒரு பெரிய பானை. உருகிய அலுமினியம் அதில்தான் நிற்கும். கீழே பர்னர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைந்து, உலோகம் பானைக்குள்ளேயே இறுகிவிட்டால் தீர்ந்தது கதை. மறுபடி சூடேற்றும்போது இறுகினது விரிந்து பானையைப் பிளந்துவிடும்.

முன்பு ஒருதரம் அப்படிப் பிளந்தது. புதுப் பானை கப்பலில் வந்து சேரும்வரை பட்டறையைப் பூட்டினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் இதுதான் வசதி, இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நிற்கும். அந்தத் தடவை என் தையல் மெஷின் அடகுக்குப் போனது. பட்டறை திறந்தபோதும் பிசிறு தேய்க்கும் பெண்களில் பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிடவில்லை. இன்னொரு பானை பிளந்தால் அந்தப் பாதியில் நான் இருப்பேன்.

இதற்கு நடுவில்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். மகளின் பள்ளிக்கூடத்தில் பேசுவது நாலு வார்த்தை புரியட்டும் என்று. வகுப்பெடுத்த அம்மா பெரிய பெரிய வார்த்தைகளைக் கிட்டேயே விடவில்லை. நமக்குப் பால் திரியும், வெண்ணெய் உருகும், துணி காயும், முடி நரைக்கும், பழம் கனியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக ஒரு சொல். அவர்கள் வீட்டில் பேசும்போது அவ்வளவு சிரமப்படுவதில்லையாம். கெட், கோ, டர்ன் என்று சின்னச் சொற்கள் சில. அவற்றின் வாலில் என்னவாக மாறுகிறதோ அதைக் கட்டிவிட்டால் போதும், வண்டி ஓடும். டீ கெட்ஸ் கோல்ட். இலை டர்ன்ஸ் யெல்லோ. முடி கோஸ் கிரே.

"கெட் போட்டா பெரும்பாலும் திரும்பி வந்துடும்மா. ஆறின டீயைச் சுட வச்சுக்கலாம். கோ போட்டதுல நிறைய போனது போனதுதான்" என்பார் அந்த அம்மா.

அதிலிருந்து எனக்கு வீட்டில் வாய் ஓயவில்லை. அடுப்படியில் எது மாறினாலும் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். "மில்க் இஸ் கோயிங் சவர். ரைஸ் இஸ் கெட்டிங் சாஃப்ட்."

என் வீட்டுக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம், பால் கெட்டுப் போச்சுன்னா கொட்டிட்டுப் போ. அதுக்கு கமெண்ட்ரி வேறயா?"

"நீங்க கூடத்தான் டர்னிங் கிரே."

"அது உன்கூட இருந்து வந்தது."

அன்று மதியச் சாப்பாடு முடிந்து அரத்தைக் கையில் எடுத்தேன், உலைப் பக்கம் இரைச்சல் நின்றது. பட்டறையில் சத்தம் கேட்டால் யாரும் திரும்பமாட்டோம். சத்தம் நின்றால்தான் திரும்புவோம். போய்ப் பார்த்தால் பர்னர் அணைந்திருந்தது. பேனலில் சூடு காட்டும் எண் பழுதாகிப் பல நாளாகிறது. ஓகே அண்ணன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். டிக் டிக் என்று பொறி விழும், ஒரு நொடி குப்பென்று பிடிக்கும், அணைந்துவிடும்.

உலை செய்த கம்பெனி கடல் தாண்டி இருக்கிறது. அவர்களிடம் பேசுவது முதலாளிதான். அவர் விமானத்தில் இருந்தார், போன் அணைந்து கிடந்தது. ஓகே அண்ணன் பேனலில் ஒட்டியிருந்த கம்பெனி போன் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போறியே. பேசு."

"அண்ணே, நான் பால் திரிஞ்ச கதைதான் படிச்சிருக்கேன்."

"அதையே பேசு. அவன் புரிஞ்சுக்குவான்."

போனில் வந்த மெக்கானிக் வயசானவர் போலிருந்தது, நிதானமான குரல். தகரக் கூரைக்கு அடியில் வீடியோ வராது, குரல் வருவதே பெரிசு. அவர் எடுத்ததும் பர்னரைக் கேட்கவில்லை. பானைக்குள் இருப்பதைக் கேட்டார். "வாட்ஸ் இட் டூயிங் நவ்?" இப்போது என்ன செய்கிறது?

"ஓகேன்னு சொல்லு" என்றார் அண்ணன்.

"ஓகே சார்" என்றேன்.

அப்படியானால் நேரம் இருக்கிறது என்று அவர் பர்னருக்குப் போனார். அந்த வால்வை மூடு, இதைத் திற, அமுக்கு. நான் தமிழில் சொல்ல, அண்ணன் செய்தார். டிக் டிக், குப், அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. அவர் பொறுமையாகத்தான் சொன்னார். பானைதான் பொறுமையாக இல்லை.

என் வீட்டுக்காரர் கரண்டியை உள்ளே விட்டு ஓரமாக இழுத்துப் பார்த்தார். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இருக்க வேண்டிய முகம் மங்கிப்போய், ஆறுகிற பாலின் மேல் ஆடை படிவதுபோல் சுருங்கிக் கிடந்தது. கரண்டி கஞ்சிக்குள் போவதுபோலப் போனது. "இழுக்குது" என்றார் மெதுவாக.

போனில் அந்தக் குரல் மறுபடி கேட்டது. "வாட்ஸ் இட் டூயிங் நவ்?"

"ஓகே சொல்லு, ஓகே சொல்லு" என்று அண்ணன் கையை ஆட்டினார். "கெட்டியாகுதுன்னு சொன்னா அவன் முதலாளிக்கு மெயில் போடுவான். யார் ஆறவிட்டதுன்னு என்னைத்தான் கேப்பாங்க."

"அண்ணே, போன தடவை பானை பிளந்தப்பவும் ஓகேன்னுதானே சொன்னோம்?"

அவர் மறுபடி பொத்தானை அமுக்கினார். மேலே இருக்கும் ஒருவரிடம், அதுவும் வெள்ளைக்காரக் குரலிடம், இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை.

"அடுப்படியில சொல்ற மாதிரி சொல்லேன். பாக்குறத அப்படியே சொல்லு" என்றார்.

சொன்னேன். "நோ சார். நாட் ஓகே. இட்ஸ் கெட்டிங் திக். இட்ஸ் கோயிங் ஹார்ட் அட் தி எட்ஜஸ்." தடிக்கிறது, ஓரத்தில் இறுகிக்கொண்டு வருகிறது.

அவர் உடனே கேட்டார், "கோயிங், ஆர் கான்?" இறுகிக்கொண்டு வருகிறதா, இறுகியேவிட்டதா?

என் வீட்டுக்காரர் நீளக் கம்பியைப் பானையின் ஓரத்தில் வைத்துக் குத்தினார். முதல் குத்துக்கு நின்றது. உடம்பைப் போட்டு அழுத்தினார். இறங்கியது.

"கோயிங்!" என்று கத்தினேன். "ஸ்டில் கோயிங், சார்!"

"பர்னரை விட்டுவிடுங்கள்" என்றது குரல். அவரும் இப்போது நிதானமாக இல்லை. "கெட் இட் அவுட். ஆல் ஆஃப் இட். நவ்."

மொண்டு வெளியே ஊற்ற வேண்டும். இதை முதலிலேயே செய்திருக்கலாம், எங்கள் எல்லோருக்கும் தெரியும். செய்தால் அன்றைய வேலை போச்சு என்று யாராவது ஓகே அல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் ஆள் இல்லை. அந்தக் குரல் சொல்லிவிட்டது. முதலில் கரண்டியைத் தூக்கியது யார் என்கிறீர்கள்? ஓகே அண்ணன்தான். நாங்கள் பெண்கள், உலோகத்தைக் கட்டிகளாக ஊற்றும் அச்சுகளை இழுத்து வரிசையாகப் போட்டோம். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வெடித்து முகத்தில் தெறிக்கும். ஒவ்வொன்றையும் கேஸ் டார்ச்சால் வாட்டி வாட்டிக் கொடுத்தோம். ஆண்கள் மொண்டார்கள், ஊற்றினார்கள், திரும்பி ஓடினார்கள். அண்ணன் சட்டையில் பொறி விழுந்து ஓட்டை போட்டது. தட்டிவிடக்கூட அவர் நிற்கவில்லை. கடைசியில் அடியில் இருந்தது கூழாகிவிட்டது. அதைக் கம்பியால் சுரண்டிச் சுரண்டி வாரினார்கள்.

பானை காலியானது. பிளந்திருந்தால்?

என் வீட்டுக்காரர் கம்பியின் நுனியால் பானையை மெல்லத் தட்டினார். விரிசல் விட்ட பானை பொத்தென்று செத்த சத்தம் கொடுக்கும். இது டங்ங் என்றது. சுற்றிலும் நகர்ந்து இன்னொரு பக்கம் தட்டினார். டங்ங். அடியில் தட்டினார். டங்ங். எந்தக் கோயில் மணிக்கும் நான் அப்படிக் காது கொடுத்ததில்லை. பக்கத்தில் நின்றவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், என்னத்துக்கென்று தெரியாமல் எல்லோரும் சிரித்தோம்.

போன் இன்னும் என் இடுப்பில் செருகியிருந்தது, எடுத்தேன். "ஹலோ? ஹலோ?" என்று பாவம் அந்த மனுஷன் கத்திக்கொண்டிருந்தார். "எம்ப்டி, சார். பாட் இஸ் குட்" என்றேன். காலி, பானை நன்றாக இருக்கிறது. அவர் விட்ட பெருமூச்சு கடல் தாண்டிக் காதில் அடித்தது.

பிறகு அவசரமில்லாமல் பர்னரைப் பார்த்தோம். தீ எரிகிறதா என்று பார்க்கும் கண் ஒன்று அதில் இருக்கிறது. அதன் மேல் கரி. தீ எரிந்தாலும் அதற்குத் தெரியவில்லை, அணைத்துவிட்டிருக்கிறது. துணியால் துடைத்துப் போட்டதும் குப்பென்று பிடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் மறுபடி கேட்டது.

"வாட்ஸ் இட் டூயிங் நவ்?"

"கோயிங் ரெட், சார்! பாட் இஸ் கோயிங் ரெட்!" பானை சிவந்துகொண்டு வருகிறது.

அவர் சிரித்தார். நன்றாகச் சொன்னாய் அம்மா என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அது முழுக்கப் புரியவில்லை. புரிந்த வரைக்கும் போதுமாயிருந்தது.

"பாத்தியா, கோ போட்டது எல்லாம் கெட்டுப் போறதில்ல" என்றார் என் வீட்டுக்காரர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. வீட்டில் நான் சொன்னதையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சாயங்காலம் முதலாளி விமானத்தை விட்டு இறங்கிப் போன் போட்டார். ஓகே அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எழுந்து நின்றார். "என்னப்பா, எல்லாம் ஓகேவா?"

"ஓகே முத..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். சட்டை ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஓகே ஆயிடுச்சு, முதலாளி."

"ஆயிடுச்சா? அப்போ முன்னாடி என்ன ஆச்சு?"

அண்ணன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். "மத்தியானம் சாப்பிட்டு வந்தோம், முதலாளி" என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.