மஹாதேவனுக்குப் போர்த்திய சின்னப் போர்வை

1.

“மாமி, குண்டு போடற பிளேன்ல ஹாரன் உண்டா?”

இந்தக் கதை இந்தக் கேள்வியில்தான் பிறந்தது. கேட்டவள் ஆறு வயது கீதாஞ்சலி. பாலிகஞ்சில் அனந்தலக்ஷ்மி மாமிக்கு எதிர் ஃபிளாட். மாமியின் அண்ணா மஹாதேவன், எழுபத்தொன்றாம் வருடப் போரில் குண்டுவீச்சு விமானத்தோடு எல்லைக்கு அப்பால் விழுந்தான். வயது இருபத்து நான்கு.

“ஹாரன் எதுக்குடீ?”

“கீழ இருக்கறவங்க நகர்ந்துப்பாங்கல்ல? மினிபஸ் வந்தா நாம நகர்ற மாதிரி.”

மாமி அவள் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தார். (பதில் தெரியாத பெரியவர்கள் எல்லா ஊரிலும் செய்வதுதான்.)

2.

மஹாதேவனின் நினைவு நாளுக்காகத் தமிழ்ச் சங்க மலரில் எழுதும் வேலை எனக்கு வந்தது. முதல் தொடக்கம்: ‘வானைக் கிழித்துப் பறந்த அந்தச் சிங்கம்...’ [சிங்கம் பறக்காது. அடித்துவிட்டேன்.] இரண்டாவது: ‘கீழே துணி உலர்த்தும் பெண்ணைக் கண்டதும் அவன் குண்டுகளை ஆற்றில்...’

மாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“ஆத்துல போட்டானா? யாருடா சொன்னா?”

“நான்தான் மாமி. கதைக்காக.”

“ரன்வேல போட்டான். அதுக்குத்தான் அனுப்பினா. கீழே யார் இருந்தான்னு நேக்குத் தெரியாது. அவாளுக்கும் சேர்த்துத்தான் விளக்கேத்தறேன். அவனை ரொம்ப நல்லவனாக்காதே. கேரம்ல காய் திருடினவன்!”

3.

மாமிக்கு வேண்டியது கட்டுரை அல்ல. எல்லைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விழுந்து கிடந்தவன்மீது அந்த ஊர்ப் பெண் யாரோ ஒரு காந்தாவைப் போர்த்தியிருந்தாளாம். பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை. கைக்குழந்தையுடையது, அவன் மார்பை மட்டுமே மறைத்தது என்று அவனைத் தேடிப் போன படை நண்பர்கள் சொன்னார்கள்.

“டிசம்பர் குளிர்டா. அந்தக் குழந்தை அன்னிக்கு எதைப் போர்த்திண்டு தூங்கித்து?”

ஐம்பது வருடத்துக்கும் மேலாக மாமி இந்தக் கடனைச் சுமக்கிறார். கண்புரை முற்றுவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று, தன் நூல் புடவைகளைக் கிழித்து, ஏதாவதொரு கைக்குழந்தைக்குப் போர்த்த அவரே ஒரு காந்தா தைத்தார்.

“தையல் கோணலா இருக்கு மாமி,” என்றாள் கீதாஞ்சலி.

“போடி. குழந்தை ஸ்கேல் வெச்சா அளக்கப் போறது?”

நான் இரண்டு முடிவுகள் எழுதிக் காட்டினேன். ஒன்று: அந்தக் கிராமத்துப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்கிறோம், எல்லோரும் அழுகிறோம். இரண்டு: சங்க மேடையில் ஓர் ஏழைத் தாய்க்கு வழங்குகிறோம், போட்டோவுடன்.

மாமி இரண்டையும் அடித்தார்.

“போர்த்தினவளுக்கு அவனால தாங்க்ஸ் சொல்ல முடிஞ்சுதா? அப்போ நேக்கும் யாரும் சொல்லப்படாது.”

4.

நினைவு நாள் காலை. பாலிகஞ்ச் ஸ்டேஷன். காய்கறிக் கூடைகளோடு பெண்கள் லோக்கலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் இடுப்பில் கைக்குழந்தைகள். மடித்த காந்தாவை மார்போடு அணைத்திருந்த மாமி என்னைப் படிக்கட்டிலேயே நிறுத்தினார்.

“நீ வராதே. எழுதிடுவே.”

ஆகவே முதுகைக் காட்டி நின்று ரயில் நேரப் பலகையைப் படித்தேன். கடவுள் பார்த்திருப்பார். நல்லவேளை, அவர் மலரில் எழுதுவதில்லை.

வாசகரே, நீங்களும் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். முடிவு உங்கள் பொறுப்பு; ஆனால் தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள். மாமி இப்போது மெல்லக் குனிந்து...