மெத்தையில் ஒரே ஒரு பள்ளம்

புது வண்டி என்றால் அதில் கீறலும் நசுங்கலும் கறையும் இருக்க வேண்டும். வாங்குகிறவர் கையில் அந்த வண்டிக்கு என்னென்ன நேரப்போகிறதோ அத்தனையும் கம்பெனியிலேயே பதித்து அனுப்பிவிடுகிறார்கள். பிறகு ஓட்ட ஓட்ட ஒவ்வொன்றாகத் தீரும். தம்ளர் கைதவறி விழுகிற அன்று வண்டித் தரையில் இருக்கும் தம்ளர் வடு மறையும். சுவரில் உரசுகிற அன்று கதவில் இருக்கும் கோடு போய்விடும். கடைசிக் கீறலும் தீர்ந்து கண்ணாடிபோல் ஆகிவிட்ட வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டுபோவார்கள். சாலையில் பளபளவென்று ஒரு வண்டி வந்தால் மற்ற வண்டிக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவது அதனால்தான்.

வண்டி வாங்கப் போகிறவர்கள் வழவழப்பான இடம் எங்கே என்றுதான் தேடுவார்கள். வழவழப்பு என்பது குறை. அந்த இடத்தில் ஒன்றும் நடக்கப்போவதில்லை.

இதைப் பார்ப்பதில் நாச்சிமுத்து கெட்டிக்காரர். டூரிஸ்ட் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலனியில் யார் வண்டி எடுத்தாலும் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். ஊர் உலகத்தையெல்லாம் கூட்டிப்போய்க் கோயிலும் கடலும் காட்டினாரே தவிர, தன் மனைவி இந்திராணியை ஒரு தடவைகூட ஏற்றிக்கொண்டு போனதில்லை. பஸ்ஸில் எப்போதும் இடம் இருக்காது. அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் படுக்கையும் அடுப்பும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிற கேம்பர் வேன் ஒன்றுக்கு இப்போது பதிவு செய்திருந்தார். வண்டி வந்துவிட்டது என்று கரூர் பைபாஸில் இருக்கும் ஷோரூமிலிருந்து போன் வந்தது. இருவரும் போனார்கள்.

அருள்தாஸ் என்ற விற்பனையாளர் வரவேற்றார். கனத்த ஆள். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அவர் நடக்கும்போது ஆளுக்கு முன்னால் சத்தம் வந்தது.

"பொறுமையாப் பாருங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். இடப்பக்கம் முன்கதவிலிருந்து வால்வரைக்கும் ஒரே கோடாக ஒரு கீறல். அதில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ஏதோ தூண். நல்ல கீறல்தான். வலப்பக்கம் அதைவிட வளமாக இருந்தது. அங்கங்கே நசுங்கி, ஒரு இடத்தில் எருமை முடிகூடச் செருகிக்கொண்டிருந்தது. கடைசி நசுங்கலில் வாழைநார் ஒட்டியிருந்தது. கீழே குனிந்து அடித்தகட்டைப் பார்த்தார். உப்புக்காற்றுத் துரு.

"கடலோரமா ரொம்ப நாள் ஓடும்," என்றார்.

"ஏனுங்க, துருவையே கொஞ்சிக்கிட்டு இருக்காம உள்ள வாங்க," என்றாள் இந்திராணி.

"வெளிய பாக்காம உள்ள போற ஆளா நானு?"

"பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் நேரா உள்ள வந்தீங்க."

அருள்தாஸ் சிரித்தார். சாவிக்கொத்தும் கொஞ்சம் சிரித்தது.

உள்ளே அடுப்புத் திட்டில் பால் பொங்கி வழிந்த கறை மேலும் மேலும் படிந்திருந்தது. இந்திராணி அதை ஆசையோடு தடவினாள். "இது நான்தான்."

"வேற யாரு? அடுப்புல பாலை வெச்சுப்போட்டுப் போனைப் பாக்கறவ."

கக்கூஸ் கண்ணாடியின் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அதுவும் அவள்தான். நாச்சிமுத்துக்கு மனம் நிறைந்தது. அந்த நிறைவோடு டிரைவர் சீட்டில் ஏறப் போனார்.

ஏற முடியவில்லை. சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் தள்ளியிருந்தது. உயரத்துக்காக அதன்மேல் ஒரு தலையணை வேறு. பின்னால் தள்ளலாம் என்று லிவரைப் பிடித்தார். யாரும் தொட்ட தடமே அதில் இல்லை. அது அசையவில்லை. பிரேக் பெடலில் குறுகலான ஒரு செருப்பின் தேய்மானம் இருந்தது. இந்திராணி எட்டிப் பார்த்துத் தன் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். சரியாக இருந்தது.

அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

பக்கத்துச் சீட்டின் பிளாஸ்டிக் உறையில் ஒரு சுருக்கம் இல்லை. நாச்சிமுத்து அதில் விரலை வைத்தார். விரல் வழுக்கியது.

பிறகு அவர் கொஞ்சம் வேகமாகப் பின்பக்கம் போனார். கட்டில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற அளவு. மெத்தையில் ஒரே ஒரு பள்ளம். அதில் படுத்துப் பார்த்தார். தோள் வெளியே நின்றது. எழுந்துகொண்டார். இந்திராணி படுத்தாள். டப்பாவுக்கு மூடி போட்டதுபோல் உள்ளே அமர்ந்தாள். ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தாள்.

"நல்லா இருக்குதுங்க," என்றாள். பிறகு மெத்தையின் மறுபாதியைப் பார்த்தாள். அது இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

நாச்சிமுத்து தலைக்கு நிறைய எண்ணெய் வைக்கிறவர். அவர் உட்காருகிற இடத்துச் சுவரிலெல்லாம் தலையளவுக்கு ஒரு பிசுக்கு இருக்கும். வீட்டில் அதைத் துடைத்துத் துடைத்து இந்திராணி ஓய்ந்துபோயிருந்தாள். இங்கே சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தார். கட்டிலின் தலைமாடு, ஜன்னல் ஓரம், அலமாரிக் கதவு எல்லாம் பார்த்தார். கை சுத்தமாகவே திரும்பி வந்தது.

வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"வண்டியில ஒரு குறை இருக்குது," என்றார்.

"சொல்லுங்க சார்."

"நான் இல்லை."

அருள்தாஸ் உள்ளே ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "ஆமாங்க. விட்டுப்போயிருக்குது," என்றார். மட்கார்டு மாட்ட மறந்துவிட்டார்கள் என்பதுபோலத்தான் சொன்னார்.

"அப்ப நான் மட்டுமா போவேன்?" என்றாள் இந்திராணி. "எனக்கு இந்த வண்டி வேண்டாமுங்க. இவரு கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதுக்குத்தான் வந்தேன்."

"அவசரப்படாதீங்கம்மா. சாருக்கு இன்னொரு மெத்தையும் வந்துச்சு. ரெண்டுல நல்லதாப் பாத்துத்தான் நாங்க போட்டோம். அதையும் காட்டறேன்."

குடோனிலிருந்து மெத்தை வந்தது. அதை விரித்ததும் முதலில் தெரிந்தது இந்திராணியின் பள்ளம். அதன் பக்கத்திலேயே இன்னொன்று. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு அதில் படுத்தார். தோள் பொருந்தியது. இடுப்பு பொருந்தியது. பஸ்ஸில் உட்கார்ந்து உட்கார்ந்து கோணிப்போன முதுகெலும்புகூட அதற்கென்று விட்டிருந்த வளைவில் போய் உட்கார்ந்தது. பக்கத்துப் பள்ளத்துக்குக் கை எட்டியது.

"இருக்கறேன்," என்றார்.

இந்திராணி அவர் படுத்திருந்த பள்ளத்தின் ஓரத்தில் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைவரை போயிற்று. அடியில் பலகை தட்டியது.

"ராத்திரி மட்டும் படுத்தா இவ்வளவு ஆழம் வருமா?" என்றாள்.

வராது என்று நாச்சிமுத்துக்குத் தெரியும். எத்தனை வண்டி பார்த்தவர். பகலும் இரவும் எழுந்திருக்காமல் கிடந்தால்தான் பலகை தட்டும். அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார். கூரையில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதில் ஒரு துண்டு வானம்.

"முந்தின மெத்தையே போட்டரட்டுங்களா?" என்றார் அருள்தாஸ்.

இரண்டுதான் இருந்தன. ஒன்றில் அவர் இல்லை. ஒன்றில் இருந்தார், இப்படி.

"இதையே போடுங்க."

"ஏனுங்க," என்றாள் இந்திராணி. "எந்திரிக்க முடியாத ஆளை வெச்சுக்கிட்டு, வண்டி ஓட்டத் தெரியாத நான் எங்க போறது?"

"கடல் பக்கம் போ. துரு இருக்குது, பாத்தேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கால்மாட்டில் குறுக்காக மூன்றாவது பள்ளம் ஒன்று இருப்பது தெரிந்தது. கனத்த ஆள் உடம்பைச் சுருக்கிப் படுத்த பள்ளம். அதன் இடுப்புப் பக்கத்தில் கைப்பிடியளவுக்குத் தனியாக ஒரு குழி.

அருள்தாஸ் அதைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குறுக்கே படுத்தார். சாவிக்கொத்து கிணுங்கென்று குழிக்குள் விழுந்தது.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தர்றனுங்க," என்று போனை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெளியே அவர் பேசுவது கேட்டது. "இல்ல கண்ணு, சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருக்காத." ஷோரூம் மேனேஜர் வந்து ஜன்னல் வழியாக மெத்தையைப் பார்த்தார். "குழி இருக்குதே. அப்பச் சாவிக்கொத்தையும் எடுத்துக்கிட்டே போ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து எழுந்து உட்காரலாம் என்று பார்த்தார். கால்கள் வரவில்லை. திரும்பி வந்த அருள்தாஸ் கால்மாட்டில் அமர்ந்து, ஒன்றும் கேட்காமல் அந்தக் கால்களை அமுக்கிவிட ஆரம்பித்தார். பழகிய கை மாதிரி இருந்தது.

இந்திராணி முன்னால் போய்த் தலையணையின்மேல் ஏறி உட்கார்ந்தாள். முழங்கால், ஸ்டியரிங், கண்ணாடி எல்லாம் அவள் அளவுக்கு இருந்தன. வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருப்பினாள்.

"க்ளச்சு எதுங்க?"

"இடது கால். அமுக்கிக் கியரைப் போட்டுட்டு மெதுவா விடு."

அவள் வெடுக்கென்று விட்டாள். வண்டி குதித்து வாசலைப் பார்த்து ஓடியது. கேட்டின் பச்சைத் தூண் இடப்பக்கம் முழுவதையும் முன்கதவிலிருந்து வால்வரைக்கும் கரகரவென்று உரசிக்கொண்டு வந்தது. சாலைக்கு வந்ததும் அருள்தாஸ் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பளபளவென்று இருந்தது.

"ஒண்ணு தீந்துதுங்கம்மா."

"வலப்பக்கம் என்னென்ன இருக்குது?"

"ஒரு எருமை," என்றார் நாச்சிமுத்து படுத்தபடியே. "ஒரு பெட்டிக்கடை. அப்புறம் ஒரு கல்யாண மண்டபம்."

"மண்டபம் எந்த ஊர்லங்க?"

"அது தெரியலை. வாழைமரம் கட்டியிருக்குது."

இந்திராணி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு முகூர்த்த நாளா என்று அருள்தாஸிடம் கேட்டாள்.