முதல் நாள் தவறுகள்

மடிக்கணினி வடிவமைக்கும் அலுவலகத்தில் அவளுக்கு அரைமில்லி என்று பெயர். வைத்தவர் மேலாளர். இரண்டு விசைகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடத்துக்காக அவள் ஒருநாள் முழுக்க மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு வைத்தது. கேலிப்பெயர்தான் என்றாலும் அவளுக்கு உள்ளூரப் பெருமை. இருக்காதா பின்னே? பெரிய விசைப்பலகையில் நூற்றுச் சொச்சம் விசைகள் காலை நீட்டிப் படுத்திருக்கின்றன. அத்தனையையும் ஏழு அங்குல மடிக்கணினிக்குள் அடைக்கச் சொன்னால் எதையாவது நெருக்கித்தான் ஆகவேண்டும். எதை நெருக்குவது என்று முடிவு செய்யத்தான் அவளுக்குச் சம்பளம்.

கடைசிவரை இடமில்லாமல் நின்றது மின் விசை, அதாவது கருவியை எழுப்பவும் அணைக்கவும் உள்ள பொத்தான். பக்கவாட்டில் வைத்தால் பெட்டி தடித்துவிடும். அவள் அதைத் தூக்கி மேல்வரிசையின் வலது மூலையில் வைத்தாள். அந்த மூலை காலங்காலமாக அழிப்பு விசை குடியிருந்த இடம். அது இடப்பக்கம் ஒரு வீடு தள்ளிக் குடிபோனது. தடிமன் இரண்டு மில்லி குறைந்தது. மேலாளர் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்.

சோதனை நடக்காமல் இல்லை. புது அமைப்பு எதுவானாலும் இருபது பேரிடம் கொடுத்து மூன்று நாள் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் தவறுகள் கணக்கில் சேராது. கை பழகவேண்டாமா, அதற்கு ஒரு நாள் விட்டுக்கொடுப்பது. முதல் நாள் தாளின் குறுக்கே சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக் கோப்பின் அடியில் செருகிவிடுவார்கள். இதை யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது, ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்தப் பெட்டிக்கு முதல் நாள் பதினொரு பேர் அழிக்கப் போய் அணைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரே ஒருவர். அறிக்கையில் ஏறியது அந்த ஒருவர் மட்டும். கோடு போட்டது அரைமில்லி.

அவளுடைய அக்கா செவிலி. பெரிய மருத்துவமனையில், அறுவை சிகிச்சை வார்டில் பதினெட்டு வருடம். தங்கை செய்த பொருள் என்றால் அக்காவுக்குத் தலைகால் புரியாது. "மருந்து வண்டி மேல வைக்க இதவிடத் தோதா ஒண்ணு கெடைக்காது" என்று தலைமைச் செவிலியிடம் ஒற்றைக்காலில் நின்று வார்டுக்கு நான்கு பெட்டி வாங்க வைத்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தங்கச்சி செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வார்டில் பன்னிரண்டாம் படுக்கையில் கிடந்தவர் ஒரு தையல்காரர். முந்தின நாள்தான் வயிற்றில் அறுவை முடிந்திருந்தது. வலிக்குப் போடும் ஊசி அவருக்கு அரைமணி இடைவெளியில் இரண்டு தடவை போடப்பட்டது. முதல் ஊசியைப் போட்டது அக்கா. வண்டிப் பெட்டியின் பதிவில் அது இல்லாததால், ஷிப்ட் மாறி வந்த செவிலி மறுபடி போட்டாள். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் மூச்சு நின்றுபோயிருந்தது.

அக்காவைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வியாழக்கிழமை விசாரணை. போட்ட ஊசியைப் பதிவு செய்யவில்லை என்று முடிவானால் வேலை மட்டுமல்ல, செவிலி உரிமமே போய்விடும். போலீஸ் வரைக்கும் போகும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை அரைமில்லி அக்காவின் வீட்டுக்குப் போனாள். அக்கா பத்து நாளில் பாதியாகியிருந்தாள். சமையலறையில் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. கையில் கறை தெரிந்தால்கூடப் பொறுக்காதவள் அவள்.

"நடந்தத அப்படியே எழுதுக்கா. விசாரணையில குடுக்கலாம்" என்று தன் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள்.

"என்னத்த எழுத? ஊசி போட்டேன். மருந்து, அளவு, நேரம் எல்லாம் அடிச்சேன். அடிச்ச ஞாபகம் இருக்குடி. ஆனா பதிவுல இல்லையே. அப்ப நான் அடிக்கலைன்னுதானே அர்த்தம்? எனக்குத்தான் புத்தி பிசகிப் போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அது வழக்கம்போலத் தூங்கிடுச்சு. பேட்டரி சரியில்ல. கொண்டுபோய் சார்ஜ்ல சொருகினேன். அதுக்குள்ள ஒன்பதாம் பெட் வாந்தி எடுத்துச்சு, ஓடினேன். ஷிப்ட் மாத்தறப்ப எல்லாம் பதிவுல இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பேசிக்கொண்டே அக்கா தட்டத் தொடங்கினாள். இரண்டு வரி போனது. ஓர் எழுத்து தவறியது. பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே அவள் விரல் வலது மூலைக்குப் போய் ஒரு தட்டுத் தட்டியது. திரை இருண்டது.

"பாத்தியா? இப்படித்தான். உன் பெட்டியிலயும் பேட்டரி போச்சு போல."

அரைமில்லி பெட்டியை மறுபடி எழுப்பினாள். அடித்த இரண்டு வரியும் அதில் இல்லை. அறிக்கையில் ஒருவர் என்று எழுதிய எண் அவள் கண்முன் நின்றது. செவிலியர் மேசைக்குப் போனால் அக்காவுக்குப் பெரிய விசைப்பலகை, அங்கே மூலையில் இருப்பது அழிப்பு. வண்டிக்கு வந்தால் சின்னது. ஒரு ஷிப்டில் முப்பது தடவை மாறி மாறி ஓடுகிறவளுக்குக் கை எப்போது பழகும்? அக்காவின் கைக்கு எந்த நாளும் முதல் நாள்தான். இருபது பேரையும் ஒரே பெட்டியின் முன் மூன்று நாள் உட்கார வைத்த புத்திசாலிகளில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவளுக்கும்தான்.

"பேட்டரியால இல்லக்கா" என்றாள். மீதியை விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை, அதுதான் உண்மை.

திங்களன்று மேலாளரே கூப்பிட்டார்.

"அந்தப் பெட்டியப் பத்தி ஆஸ்பத்திரியிலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. விசாரணையில சோதனை அறிக்கையக் குடுத்துட்டு வாங்க. நம்ம பக்கம் ஒண்ணுமில்ல."

"முதல் நாள் தாளையும் குடுக்கணும் சார்."

"அத எப்பவும் யாருக்கும் குடுக்கறதில்லையே."

"அந்த நர்ஸ் எங்க அக்கா சார்."

அவர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை. தன் மேசையையும் தன் பிள்ளைகளின் படிப்பையும் காப்பாற்ற நினைக்கிற மனிதர். "குடுத்தா, கோடு போட்டது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க. அத யோசிச்சுக்குங்க" என்றார்.

அவள் கோப்பறைக்குப் போய்க் கோப்பின் அடியிலிருந்து தாளை உருவினாள். சிவப்புக் கோடு இன்னும் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தவள், ஏழாவது வரியில் அப்படியே நின்றுபோனாள்.

ஏழாம் எண். செவிலி, வயது நாற்பத்தொன்று. மூலையில் தவறு, நான்கு முறை. 'இது இங்கே வேண்டாம்' என்றார். மறுநாள் வரவில்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆள் ஒன்று குறைகிறது என்று லீவில் இருந்த அக்காவை அவள்தான் இழுத்து வந்து உட்கார வைத்தாள். எழுத்தும் தன்னுடையதுதான். எழுதியதோடு சரி, சுத்தமாக மறந்துபோயிருந்தாள். அந்த வரியை மட்டும் மறைத்து நகலெடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. தாளை அப்படியே உறையில் போட்டாள்.

வியாழன் பதினொரு மணி. மருத்துவமனையின் கூட்ட அறையில் நீள மேசை. ஒரு பக்கம் மூன்று மருத்துவர்கள், எதிரே அக்கா, ஓரமாகத் தையல்காரரின் மனைவி. அரைமில்லி எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். மூலை, இரண்டு மில்லி, பதினொரு பேர், சிவப்புக் கோடு. எதையும் பூசி மெழுகவில்லை. தாள் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றியது.

தையல்காரரின் மனைவி மெல்ல எழுந்து வந்தாள். "எந்த பட்டன்மா அது?"

அரைமில்லி பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். அந்த அம்மாள் நகம் தேய்ந்த விரலால் மூலையை ஒரு தடவை அழுத்தினாள். திரை இருண்டது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தாள் கடைசியாக அக்காவிடம் வந்தது. அவள் நிதானமாகப் படித்தாள். ஏழாவது வரியில் அவள் பார்வை நின்றதை அரைமில்லி பார்த்தாள். அக்கா தாளை மடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

அக்கா மேல் தப்பில்லை என்று ஒரு மணிக்குச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். நான்கு பெட்டிகளும் திரும்பிப் போகும். நிறுவனத்துக்குத் தனியாகக் கடிதம் வரும்.

வெளியே நடைவழியில் அக்கா முன்னால் நடந்தாள். அரைமில்லி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனாள்.

"அக்கா."

அக்கா நின்றாள், திரும்பவில்லை. "அன்னிக்கே சொன்னேன்ல? இது இங்க வேணாம்டின்னு."

"சொன்ன."

"நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இரண்டே வாக்கியம்.

"உன் பேச்ச நம்பி அத வார்டுக்கு வாங்க வெச்சேன். அணைஞ்சப்பல்லாம் பேட்டரியத்தான் திட்டினேன், அந்த மூலை ஞாபகமே வரல. ரெண்டு வாரமா எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி. ஞாயித்துக்கிழமை என் எதிர்ல உக்காந்திருந்தியே, அப்பவாவது வாயத் தொறந்தியா?" அக்காவின் குரல் உயரவில்லை. "கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராத."

"எவ்வளவு நாளைக்குக்கா? நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா?"

அக்கா இப்போது திரும்பி அவளைப் பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

"மொத நாள் அப்படித்தான் இருக்கும்" என்றாள். "பழகிடும்."